தீபாவளி சீசன் வேலைக்கு ஜவுளிக்கடையில் குரூப் இன்டர்வியூ: போய்ப் பார்த்தவள் சொல்கிறேன்

கும்பகோணத்துப் பெரிய ஜவுளிக்கடைகளைப் பற்றி விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லாரும் துணி எடுக்கப் போனவர்கள்தான். வண்டி நிறுத்த இடமில்லை, லிஃப்டில் கூட்டம், கட்டைப்பை கொடுத்தார்கள், குழந்தைக்கு பலூன் கொடுத்தார்கள், ஐந்துக்கு நாலு. அதே கடைக்கு வேலை கேட்டுப் போனால் எப்படி நடத்துகிறார்கள் என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் இது அந்தப் பக்கத்திலிருந்து. படிக்கிற பசங்களை தீபாவளிக்குப் பார்ட் டைமாக எடுப்பதற்காக ஒரு பல மாடி ஜவுளிக்கடை நடத்திய குரூப் இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். கடையின் பெயர் வேண்டாம், குறை சொல்லவும் விஷயம் இருக்கிறது, அடுத்த சீசனில் என் கிளாஸ் பிள்ளைகள் அங்கேதான் போய் நிற்பார்கள். மார்க் கேட்டால் ஐந்துக்கு மூணு. இன்டர்வியூ நடந்த விதத்துக்கு மட்டும் என்றால் தாராளமாக நாலு கொடுக்கலாம், அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று பின்னால் வருகிறது.

நான் அரசு கல்லூரியில் பி.காம் இரண்டாம் வருஷம், ஆடுதுறைப் பக்கம் கிராமம். டவுன் பஸ் எங்களுக்கு இலவசம், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இருந்தாலும் தேர்வுக் கட்டணம், ஜெராக்ஸ், ரீசார்ஜ் என்று ஒன்று மாற்றி ஒன்று வரும்போது வீட்டில் கேட்கக் கூச்சமாக இருக்கும். எங்கள் பக்கத்தில் படித்துக்கொண்டே வேலை பார்க்க முடிகிற காலம் என்றால் தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம்தான். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவை நன்றாக வந்தால், புரட்டாசி ஐப்பசிக்குள் அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குக் காசு பேங்கில் ஏறும். அது முதலில் உரக்கடைப் பாக்கிக்குப் போகும், அப்புறம் அடகு வைத்த நகைக்கு வட்டி, மிச்சம் இருப்பது ஜவுளிக்கடைக்கு. ஊர் ஊராக ஒரே நேரத்தில் கிளம்பி வருவார்கள், வருஷம் முழுக்க இருக்கிற ஆட்களை வைத்து அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது. எங்களைக் கூப்பிடுவது அதற்குத்தான்.

அறிவிப்பு கடை வாசலில் ஃபிளெக்ஸாகவும் எல்லார் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வந்தது. சேல்ஸ், பில்லிங், பேக்கிங், ஆண், பெண் இருபாலரும், மாணவர்களுக்குப் பகுதி நேரம், சம்பளம் நேரில். இந்த 'சம்பளம் நேரில்' என்ற வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். அதுவரை ஸ்டாஃப் போகிற பக்கவாட்டு வழியில், படிக்கட்டில் நின்றோம். உட்கார இடம் இல்லை, தண்ணீர் மட்டும் கேன் வைத்திருந்தார்கள். ஆனால் அங்கேயே ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. செக்யூரிட்டி அண்ணன் ஒரு நோட்டில் எல்லார் விவரமும் எழுதினார்: பெயர், ஊர், காலேஜ், கடைசியில் தனியாகக் கோடு போட்டு ஒரு கட்டம், 'கடைசி பஸ் எத்தனை மணி'. வலங்கைமான் பையன் ஒருத்தன், சுவாமிமலைப் பக்கம் இரண்டு பேர், திருபுவனம், குத்தாலம், ஒரு பெண் பாபநாசத்துக்கு உள்ளே ஏதோ கிராமம், அவளுக்குக் கடைசி பஸ் எட்டே காலுக்கு. இந்த ஊரில் ஆள் எடுக்கிறவர்களுக்கு எது முக்கியம் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

இன்டர்வியூ நடந்தது மேல் மாடி குடோனில். அட்டைப்பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு பிளாஸ்டிக் சேர்களை வட்டமாகப் போட்டிருந்தார்கள், புதுத்துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது. இருபது பேருக்கு மேல் இருந்தோம். எதிரே இரண்டு பேர், ஹெச்.ஆர். மேடம் ஒருத்தர், கூடவே புடவை செக்‌ஷன் சூப்பர்வைசர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், சட்டைப் பையில் டேப் சுருட்டி வைத்திருந்தார். பேசியதெல்லாம் மேடம், முடிவெடுத்தது சூப்பர்வைசர்தான் என்பது என் ஊகம்.

முதலில் செல்ஃப் இன்ட்ரோ. முதல் ஆள் எழுந்து 'மைசெல்ஃப்' என்று மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தான், இரண்டாவது வரியில் நின்றுவிட்டான். மேடம் சிரிக்காமல் சொன்னார்: "தமிழ்லயே சொல்லுப்பா. ஊரு எது, வீட்ல யார் யாரு, இதுக்கு முன்னாடி எங்கயாச்சும் வேலை பாத்திருக்கியா, அவ்ளோதான்." அதன் பிறகு எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஒருத்தன் அப்பாவின் டீக்கடையில் கல்லாவில் உட்காருவானாம், ஒருத்தன் உரக்கடையில் கணக்கு எழுதியிருக்கிறான். பாபநாசத்துப் பெண் முறை வந்ததும், லீவு நாளில் அம்மாவோடு நடவுக்குப் போவேன் என்றாள். "அப்ப ரொம்ப நேரம் நிப்பீங்க" என்றார் மேடம். அவள் உடனே, "நடவுல நிக்கிறது எங்கங்க மேடம், குனிஞ்சேதான்" என்றாள். குடோனே சிரித்தது, சூப்பர்வைசர் மட்டும் சிரிக்காமல் பேப்பரில் ஏதோ எழுதிக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இதற்கு முன் வேறொரு ஊரில், ஒரு பழைய கடையில் நான் தனியாக வேலை கேட்டுப் போயிருக்கிறேன். முதலாளி நேரில் பார்த்தார். முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது ஊரில் எந்தத் தெரு, மூன்றாவது யார் வீட்டுப் பெண். நம் டெல்டா கிராமங்களில் எந்தத் தெரு என்று கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே இருபது பேரை ஒரே வட்டத்தில் உட்கார வைத்து, எல்லாருக்கும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், அதில் தெரு வரவில்லை. குரூப் இன்டர்வியூ என்றாலே ஆட்டுமந்தை மாதிரி ஓட்டுகிறார்கள் என்று குறைப்படுகிற அண்ணன்மார்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்து குரூப் டாஸ்க், இந்த விமர்சனத்தை எழுத வைத்ததே அதுதான். ஐந்தாறு பேராகப் பிரித்து ஒரு கணக்கு கொடுத்தார்கள். கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் வருகிறது, கையில் 7,000 ரூபாய். பாட்டி, அப்பா, அம்மா, காலேஜ் படிக்கிற பெண், பத்தாம் வகுப்புப் பையன், ஐந்து வயசுப் பெண் குழந்தை. நீங்கள்தான் கூடவே போகிற சேல்ஸ் ஆள். எந்த மாடிக்கு முதலில் கூட்டிப்போவீர்கள், யாருக்கு எவ்வளவில் காட்டுவீர்கள், பதினைந்து நிமிஷம் பேசி ஒருத்தர் எழுந்து சொல்ல வேண்டும்.

பக்கத்து குரூப்பில் எம்.பி.ஏ. படிக்கிற ஒரு அண்ணன், முழுக்கவும் அவரேதான் பேசினார். முதலில் பட்டு மாடிக்குக் கூட்டிப்போக வேண்டும், விலை கூடினதைக் காட்டி ஆசையை உண்டாக்க வேண்டும், அதுதான் அப்செல்லிங். சூப்பர்வைசர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, அவங்க கையில ஏழாயிரம்தான் இருக்கு. பட்டு மாடியில கால் வச்சாங்கன்னா அம்மாவுக்கு முகம் சுண்டிப் போயிரும், அடுத்த கடைக்குப் போயிருவாங்க" என்றார். அந்த அண்ணன் விடவில்லை, ஈ.எம்.ஐ. என்று ஆரம்பித்தார், மேடம் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

எங்கள் குரூப்பில் நாங்கள் போட்ட கணக்கு இது. குழந்தைக்கு ஃபிராக் 700, பையனுக்குப் பேன்ட் சட்டை 1,400, பெண்ணுக்குச் சுடிதார் 1,500, அம்மாவுக்குப் புடவை 1,200, பாட்டிக்குக் காட்டன் புடவை 600, அப்பாவுக்கு வேட்டி சட்டை 900. ஆக மொத்தம் 6,300. மிச்சம் 700-இல் உள்பாவாடை, லைனிங், தையல் கூலிக்கு முன்பணம். குழந்தைகள் செக்‌ஷனில் ஆரம்பிக்க வேண்டும், சின்னது துணியை வாங்கிக்கொண்டால்தான் மற்றவர்கள் நிம்மதியாகப் பார்க்க முடியும், அழுதால் எல்லாம் முடிந்தது. இதுவரை எல்லாரும் ஒத்துக்கொண்டோம். அப்போது அதுவரை வாயே திறக்காமல் இருந்த வலங்கைமான் பையன், அப்பாவுக்கு இரண்டாவதாகவே எடுத்துவிட வேண்டும் என்றான். ஏன்டா என்றால், "கடைசில வச்சா எனக்கு வேணாம், போன வருஷத்ததே இருக்குன்னுருவாருங்க. எங்கப்பா அப்படித்தான்." எங்கள் ஐந்து பேர் வீட்டிலும் அப்படித்தான். அவனையே எழுந்து சொல்லச் சொன்னோம். கொஞ்சம் திக்கினான், ஆனாலும் சொன்னான்.

சூப்பர்வைசருக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. கடைக்கு இதில் என்ன லாபம் என்று அவரே விளக்கினார். அப்பா வேண்டாம் என்று எழுந்துவிட்டால் 900 ரூபாய் பில் போனது என்பதோடு நிற்காது, அவர் கீழே போய் வாசலில் நின்றுகொண்டு "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்க ஆரம்பிப்பார், அம்மா புடவையை அவசரமாகப் பார்ப்பார், திருப்தி இல்லாமல் வீட்டுக்குப் போய், இரண்டு நாளில் மாற்ற வருவார். அப்பா கையில் பை இருந்தால் உட்காருவார். வியாபாரம் தெரிந்தவர் பேச்சைக் கேட்கச் சுகமாக இருந்தது, எங்கள் மார்க்கெட்டிங் பேப்பரில் இதெல்லாம் இல்லை.

குரூப் டிஸ்கஷனில் குரல் பெரிசாக இருக்கிறவன் ஜெயிப்பான் என்பது பொதுவாக உண்மைதான். இங்கேயும் அந்த ஆபத்து இருந்தது, மேடம் ஒவ்வொரு குரூப்பும் முடித்த பிறகு, பேசாத ஆளைப் பார்த்து "நீ என்ன நினைக்கிற?" என்று தனியாகக் கேட்டார். அதில் இரண்டு மூன்று பேர் நல்ல பதில் சொன்னார்கள். இரண்டு பேர் கடைசி வரை பேசவே இல்லை, அவர்களை பேக்கிங்குக்கு எடுத்துக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது. அதுவும் நியாயம்தான், பேக்கிங்கில் பேச்சு எதற்கு.

அடுத்து செய்முறை. தரையில் வெள்ளைத் துணி விரித்து, சூப்பர்வைசர் கஸ்டமராக உட்கார்ந்தார், ஒருத்தர் ஒருத்தராகப் போய்ப் புடவை காட்ட வேண்டும். புடவை காட்டுவது பார்க்கிற அளவுக்குச் சுலபமில்லை. இடது கையில் மடிப்பைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒரே வீச்சில் விரித்தால் முந்தானை கஸ்டமர் மடிப்பக்கம் போய் விழ வேண்டும், பார்டர் அவர்களுக்கு நேராக இருக்க வேண்டும், உடம்பு டிசைன் மடங்காமல் தெரிய வேண்டும். எங்களில் பாதிப் பேர் வீசியது சுருண்டு எங்கள் மேலேயே விழுந்தது. மடிப்பது இன்னும் கஷ்டம். ஐந்தரை மீட்டர் புடவை, அதோடு ஜாக்கெட் துணி, மொத்தம் ஆறு மீட்டருக்கு மேல், தனி ஆளாக பார்டரும் பார்டரும் ஒட்டுகிற மாதிரி மடிக்க வேண்டும், ஒரு விரல் தள்ளினாலும் கடைசி மடிப்பில் வாய் கோணிக்கொள்ளும்.

திருபுவனம் பையனுக்கு ஒரு பட்டுப்புடவையைக் கொடுத்தார்கள். அவன் வீட்டில் தறி இருக்கிறதாம். விசிறி மடிப்பில் மடித்துக் காட்டினான், மடித்து முடித்து ஒரு முனையைப் பிடித்து விட்டால் கைவிசிறி மாதிரி விரிகிறது. அந்த ஊர்ப் பட்டுக்கே உள்ள மடிப்பு அது. திருபுவனம் பட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பேப்பரில் படித்ததுதான் எனக்குத் தெரியும், மடிப்பைக் கையெட்டும் தூரத்தில் பார்ப்பது அன்றைக்குத்தான். அவனை அங்கேயே எடுத்துவிட்டார்கள் என்பது சூப்பர்வைசர் முகத்திலேயே தெரிந்தது.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. செய்முறை முடிந்ததும் தரையெல்லாம் புடவையாகக் கிடந்தது. யார் தானாக எழுந்து எடுத்து வைக்கிறார்கள் என்று ரகசியமாகப் பார்ப்பார்கள் என்று யூடியூபில் எவனோ சொல்லிவைத்திருக்கிறான் போல, இருபது பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். இரண்டு பேர் ஒரே புடவையின் இரண்டு முனையைப் பிடித்து இழுக்க, சூப்பர்வைசர் பதறிப்போய் "ஐயோ, விடுங்கப்பா, அது எட்டாயிரம்!" என்று கத்தினார். அந்த யூடியூப்காரரைக் கூப்பிட்டு வந்து மடிக்கச் சொல்ல வேண்டும்.

அந்த எட்டாயிரம் ரூபாய்ப் புடவையை வைத்தே மேடம் அடுத்த கேள்வியைக் கேட்டார், இதற்கு ஜி.எஸ்.டி. எவ்வளவு? முக்கால்வாசிப் பேர் 18 என்றார்கள். 2025 செப்டம்பர் 22-இல் விகிதம் மாறியதிலிருந்து ரெடிமேட் உடை ஒன்று 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 என்பது எல்லாருக்கும் மனதில் இருந்தது. ஆனால் புடவை தைத்த உடையாகாது, துணிக் கணக்கில் வரும், அதனால் எட்டாயிரம் ஆனாலும் 5-தான். பி.காம் படித்ததற்கு அன்றைக்கு ஒரு பிரயோஜனம் கிடைத்தது. அப்புறம் வாய்க்கணக்கு, ஃபோனைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு. மீட்டர் 140 ரூபாய்த் துணி இரண்டே கால் மீட்டர், பத்து சதவீதம் தள்ளுபடி. 315-இல் 31.50 போனால் 283.50. டீக்கடைப் பையன் எல்லாருக்கும் முந்திச் சொன்னான். எட்டு முழ வேட்டி எத்தனை மீட்டர் என்ற கேள்விக்குத்தான் ஒருத்தரும் சரியாகச் சொல்லவில்லை. 3.60 என்று அவரே சொல்லிக்கொடுத்தார்.

இதுவரை நாலு மார்க். இனிமேல்தான் அந்த ஒரு மார்க்.

கடைசியில் "ஏதாவது கேக்கணும்னா கேளுங்க" என்றார் மேடம். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் ஒருத்தர் கூட சம்பளம் எவ்வளவு என்று சொல்லவில்லை, நேரில் என்று போட்டதால்தானே நேரில் வந்திருக்கிறோம். நான்தான் கேட்டேன். ஒரு நாளைக்கு 450, மெஸ் சாப்பாட்டுக்கு 40 பிடிப்பு. நேரம்? மாணவர்களுக்கு மதியம் இரண்டிலிருந்து ராத்திரி ஒன்பதரை. ஏழரை மணி நேரம், இதற்குப் பெயர் பார்ட் டைம்! ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளிக்கு முந்தைய வாரமும் காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி பத்தரை. அந்த நாட்களில் ஓவர்டைம் உண்டா என்றேன். "சீசன் இன்சென்டிவ் பாத்து செய்வோம்மா" என்றார். பாத்து செய்வோம் என்றால் என்ன அர்த்தம் என்று கூலி வேலை பார்த்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இலிருந்து இருக்கிறது. அதில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, அதற்கு மேல் பார்க்கிற வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்று தெளிவாக இருக்கிறது. சீசன் வேலைக்கு வந்தவள் என்பதால் இது எனக்கு இல்லை என்று ஆகாது.

உட்கார ஸ்டூல் இருக்குமா என்றும் கேட்டேன். பக்கத்தில் இருந்தவள் என் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள், வேலை வேண்டாமா உனக்கு என்று. 2021-இல் தமிழ்நாட்டில் அந்தச் சட்டத்தையே திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள், கேரளாவில் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்று கால் வீங்கித்தான் அது வந்தது. மேடம், "எல்லா கவுன்ட்டர்லயும் ஸ்டூல் இருக்கு, கஸ்டமர் இல்லாதப்ப உக்காரலாம்" என்றார். கீழே இறங்கும்போது பார்த்தேன், பொய் இல்லை, ஸ்டூல் இருக்கிறது. அதன் மேல் சட்டைப் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள்.

இதையெல்லாம் கூட சீசன் என்று விட்டுவிடலாம், ஒரு மார்க்கைக் குறைத்திருக்க மாட்டேன். செலக்ட் ஆனவர்களின் பெயரைப் படித்துவிட்டு, பத்தாவது அல்லது பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள், தீபாவளி முடிந்து கணக்கு முடிக்கும்போது தருகிறோம் என்றார்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் பக்கத்துக் காரணம் புரிகிறது. பசங்கள் நாலு நாள் வேலை கற்றுக்கொண்டு, ஐந்தாவது நாள் பக்கத்துக் கடையில் ஐம்பது ரூபாய் கூட என்றதும் போய்விடுகிறார்கள், தீபாவளி வாரத்தில் கவுன்ட்டர் காலி. அதற்குச் சம்பளத்தை அறிவிப்பிலேயே போட்டு, கடைசி வரை இருப்பவர்களுக்கு போனஸ் இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கலாம். படிக்கிற பிள்ளையின் சான்றிதழை வாங்கிப் பீரோவில் பூட்டுவது வேறு கணக்கு. எங்களுக்கு ஸ்காலர்ஷிப்புக்கு எந்த நேரத்தில் ஒரிஜினல் கேட்பார்கள் என்று தெரியாது, தொலைந்தால் டூப்ளிகேட் வாங்குவதற்குள் போலீஸ் ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ் என்று அலைய வேண்டும்.

நான் முடியாது என்றேன், ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், ஒரிஜினலைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். மேடம் சூப்பர்வைசரைப் பார்த்தார், அவர் தலையை ஆட்டினார், சரி என்று வாங்கிக்கொண்டார். ஒரு நிமிஷத்தில் முடிந்தது. எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரும் அப்படியே சொல்ல, அவர்களுக்கும் சரி. ஆனால் எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் கொடுத்துவிட்டார்கள், நடவுக்குப் போகிற அந்தப் பெண்ணும். கேட்டவர்களுக்கு ஒரு விதி, கேட்காதவர்களுக்கு ஒரு விதி என்றால் அது விதியே இல்லை, யார் பயப்படுகிறார்கள் என்று பார்ப்பதுதான். அவ்வளவு அழகாக இன்டர்வியூ நடத்தத் தெரிந்தவர்கள் இதைச் செய்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். செலக்ட் ஆகாதவர்களுக்கு அன்று சாயங்காலமே ஃபோன் செய்து, பொங்கல் சீசனுக்குக் கூப்பிடட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். அந்த எம்.பி.ஏ. அண்ணனுக்கும் வந்ததாம். கடைசி பஸ் நோட்டு சும்மா எழுதியது இல்லை, எட்டே கால் பஸ்காரிக்கு ஏழே முக்காலுக்கே விடுவதாகச் சொல்லி நேரத்தை மாற்றிக் கொடுத்தார்கள். எட்டு மணிக்கு மேல் வேலை பார்க்கச் சம்மதமா என்று பெண்களிடம் தனியாக எழுதி வாங்கினார்கள், வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குக் கையெழுத்துப் போடலாம் என்றும் சொன்னார்கள். சம்பளம் பேங்க் கணக்கில்தான் வரும் என்று பாஸ்புக் ஜெராக்ஸ் வாங்கினார்கள். என்னை பில்லிங்கில் போட்டார்கள், சேர்ந்துவிட்டேன். வேலை எப்படி இருந்தது என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், அது பெரிய கதை.

போகிறவர்களுக்கு. ஆதார், பாஸ்புக், மார்க் ஷீட் எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரிஜினலைக் காட்டலாம், கொடுக்காதீர்கள். காலேஜில் 75 சதவீதம் அட்டென்டன்ஸ் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு நேரத்துக்குச் சம்மதியுங்கள், தீபாவளி முடிந்த கையோடு நவம்பரில் செமஸ்டர் வந்து நிற்கும். சம்பளம், ஓவர்டைம், வார லீவு மூன்றையும் எல்லார் முன்னாடியும் கேளுங்கள், தனியாகப் போய்க் கேட்டால் தனித்தனிப் பதில் வரும். புடவை வேலை என்றால் வீட்டில் அம்மா புடவை ஒன்றை வைத்து மடித்துப் பழகிக்கொள்ளுங்கள், அம்மாவை விட அந்த சூப்பர்வைசர் அதிகமாகத் திட்டுவார். அடுத்த ஆள் எடுப்பு மார்கழியில் என்றார்கள், பொங்கலுக்கும் தை முகூர்த்தத்துக்கும் சேர்த்து. பத்து மணி என்று போட்டிருந்தாலும் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டே போங்கள், எங்களை விடும்போது மணி இரண்டரை, நடுவில் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான் கொடுத்தார்கள்.